டியூபிங்கை அடைத்து, துளைத்து, வெட்ட ஒரே ரன் போதுமா?

#1 புதுக்கம்பி

வணக்கம். வயர்லைனுக்கு, அதாவது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குள் கேபிளில் கருவிகளை இறக்கும் வேலைக்கு, வந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் ஒரு பழைய கிணற்றில் டியூபிங்கை (உற்பத்தி மேலே வரும் உள்குழாய்) வெளியே எடுக்க வேண்டும். விவரம் இதுதான்: 7 அங்குல கேசிங்குக்குள் (கிணற்றின் வெளிக்குழாய்) 2⅞ அங்குல டியூபிங், அடிக்கு 6.5 பவுண்ட். இரண்டுக்கும் இடையை அடைக்கும் பேக்கர் 6,050 அடியில். பேக்கர் கழலவில்லை, இழுத்துப் பார்த்தும் பயனில்லை. டியூபிங்கில் காலனுக்கு 9.0 பவுண்ட் உப்புநீர், அன்யுலஸில் (இரு குழாய்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி) 10.0 பவுண்ட். பாறை அழுத்தம் இப்போது 2,600 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கிறது.

என் திட்டம்: 5,950-ல் டியூபிங்குக்குள் பிரிட்ஜ் பிளக் (அடைப்பான்), 5,930-ல் டியூபிங் பஞ்ச் (குழாயில் துளையிடும் வெடி), 5,900-ல் ஜெட் கட்டர் (குழாயை வெட்டும் வெடி). நீட்சிக் கணக்கில் 5,974 அடி வரை குழாய் விடுதலையாக இருப்பதாக வந்தது, அதனால்தான் 5,900.

மூன்றையும் ஒரே சரமாகக் கோத்து ஒரே ரன்னில் (ஒரே தடவை இறக்கி ஏற்றி) முடித்துவிடலாம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். மூன்று தடவை லூப்ரிகேட்டரை (கிணற்றின் தலையில் கருவிகள் நுழையும் அழுத்தக்குழாய்) கழற்றி மாட்டி, ஒவ்வொரு தடவையும் பிரஷர் டெஸ்ட் செய்யும் நேரம் மிச்சம். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. ஏதாவது கவனிக்காமல் விட்டிருக்கிறேனா?

#2 மோட்டார்க்காரன்

தாராளமாகச் செய்யலாம். ஷேல் கிணறுகளில் ஒரு பிளக்கும் அதன் மேலே வரிசையாக கன்களும் (துளையிடும் வெடிக்குழல்கள்) ஒரே ரன்னில் போவது தினசரி வேலை. கீழே பிளக், மேலே மற்றதெல்லாம், அடியிலிருந்து மேலாகச் சுட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். இதில் புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை.

#3 கம்பிச்சுருள்

ஒன்று இருக்கிறது. ஷேல் கிணற்றில் பிளக்குக்கு மேலே போவது கன். கன் வெடித்தால் அதன் உறை முழுசாகத் திரும்பி வரும். ஜெட் கட்டர் அப்படி இல்லை. அது சரத்தின் கடைசியில், அடியில் தொங்குவதற்காகச் செய்த சாமான். வெடித்ததும் அதன் அடிப்பாகமே சிதறிப் போகும்.

இப்போது முடிச்சு எங்கே என்று பாருங்கள். பிளக் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தே ஆக வேண்டும். கட்டரும் அடியில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி.

கட்டரை நடுவில் வைத்தால் அதன் வழியாகக் கீழே போகும் கம்பிக்குத் துளை விட்ட ரகம் வேண்டும். அப்படியே வைத்தாலும், அது வெடித்த பிறகு கீழே தொங்கும் பஞ்ச் உறையும் செட்டிங் டூலும் (பிளக்கைப் பிடிக்க வைக்கும் கருவி) உங்களோடு மேலே வருமா, பிளக் மேல் போய் விழுமா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

#4 புதுக்கம்பி

விழுந்தால் என்ன, அண்ணா? கிணற்றை நிரந்தரமாக மூடப் போகிறார்கள் என்றால் பிளக் மேல் கிடந்துவிட்டுப் போகட்டுமே.

#5 கம்பிச்சுருள்

நிரந்தரமாக மூடுவது உறுதியா? "டியூபிங்கை எடுக்க வேண்டும்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எடுத்த பிறகு பேக்கரை மில் செய்து (அரைத்தெடுத்து) மறுபடி உற்பத்திக்கு விடுவதானால், கிடப்பது குப்பை இல்லை, ஃபிஷ், அதாவது மீட்டெடுத்தே ஆக வேண்டிய சாமான்.

மூடுவதே என்றாலும் இரண்டு விஷயம். பஞ்ச் வெடிக்காமல் போய், கட்டர் மட்டும் வெடித்தால் வெடிமருந்தோடு ஒரு உறையைக் கிணற்றில் போட்டுவிட்டு வருகிறீர்கள். அதை அறிக்கையில் எப்படி எழுதுவீர்கள்? இரண்டாவது, கீழ்ப்பாகம் அறுந்தும் அறாமலும் தொங்கினால், வெட்டிய விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் கொக்கி போல மாட்டும். சரமும் போகும், கேபிளும் போகும்.

#6 பழைய ஃபிஷர்

தம்பி, சரத்தை யார் எப்படிக் கோப்பது என்பது இருக்கட்டும். உன் 5,974 எப்படி வந்தது? இழுவையும் நீட்சியும் போடு.

#7 புதுக்கம்பி

முதலில் சரத்தின் எடைக்கு மேல் கொஞ்சம் இழுத்து ஒரு கோடு போட்டோம். பிறகு 20,000 பவுண்ட் கூடுதலாக இழுத்தோம். 25 அங்குலம் நீண்டது. சூத்திரம்: 735,294 × 25 × 6.5 ÷ 20,000 = 5,974 அடி.

#8 பழைய ஃபிஷர்

நினைத்தேன். அந்த 735,294 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. எஃகின் மீள்மை 3 கோடி பிஎஸ்ஐ. அதை 12-ஆலும் 3.4-ஆலும் வகுத்தால் அது வரும். 3.4 என்பது ஒரு சதுர அங்குலக் குறுக்குவெட்டுள்ள எஃகு அடிக்கு எத்தனை பவுண்ட் என்பது. அதாவது எடையிலிருந்து குறுக்குவெட்டுப் பரப்பைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழி. ஆனால் உன் 6.5-ல் கப்ளிங் (குழாய் இணைப்பு) எடையும், முனையில் தடித்த பாகத்தின் எடையும் சேர்ந்திருக்கிறது. நீள்வது வெறும் குழாய். வெறும் குழாய் அடிக்கு 6.16 தான், பரப்பு 1.812 சதுர அங்குலம்.

பரப்பை வைத்தே போடு: 30,000,000 × 1.812 × 25 ÷ (12 × 20,000) = 5,662 அடி.

முந்நூறு அடிக்கு மேல் வித்தியாசம். பேக்கர் மட்டும் பிடித்திருந்தால் 6,050 பக்கமாக வந்திருக்க வேண்டும். உன் கணக்கு 5,974 காட்டியதும் "கிட்டத்தட்ட பேக்கர்தான்" என்று விட்டுவிட்டாய். நிஜத்தில் பேக்கருக்கு மேலே சுமார் நானூறு அடிக்கு அன்யுலஸில் ஏதோ படிந்து இறுகியிருக்கிறது. மணலோ, துளையிடும் சேற்றில் எடைக்குப் போடும் பாரைட்டோ. 5,900-ல் எவ்வளவு அழகாக வெட்டினாலும் குழாய் வராது. மேலே இன்னொரு தடவை வெட்டத்தான் போவாய்.

கிணறு வளைந்திருந்தால் இந்த 5,662-ஐயும் நம்பாதே. உராய்வு இழுவையைத் தின்றுவிடும். ஃப்ரீ பாயிண்ட் டூலை இறக்கி, குழாய் எதுவரை விடுதலை என்று அளந்துவிட்டு வெட்டு.

#9 புதுக்கம்பி

நன்றி அண்ணே. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கையேட்டில் இருந்த சூத்திரம் என்பதால் யோசிக்கவே இல்லை.

#10 பழைய ஃபிஷர்

அந்தச் சூத்திரம் டிரில் பைப்புக்கு எழுதியது. வெட்கம் எதற்கு? நான் இதே தப்பைச் செய்து, வெட்டிய குழாயை இரண்டு நாள் இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

#11 சேற்றுப்பம்பு

ஃபிஷர் அண்ணன் சொன்னதிலேயே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. பஞ்ச் 5,930-ல் என்கிறீர்கள். 5,660-க்குக் கீழே அன்யுலஸ் அடைத்திருந்தால் 5,930-ல் போடும் துளைகள் சுவரைப் பார்த்துத் திறக்கும் ஜன்னல். சர்க்குலேஷன் (டியூபிங்குக்கும் அன்யுலஸுக்கும் இடையே நீர் சுற்றுவது) கிடைக்காது. பஞ்ச் அடைப்புக்கு மேலே, வெட்டும் இடத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். பிளக்கின் இடத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

பஞ்ச் எதற்கு என்று சிலர் கேட்பார்கள், வெட்டினாலே அழுத்தம் சமமாகிவிடுமே என்று. ஆகும், ஆனால் எப்படி ஆகும்? அன்யுலஸில் 10.0, டியூபிங்கில் 9.0. 5,600 அடியில் 0.052 × 1.0 × 5,600 = 291 பிஎஸ்ஐ வித்தியாசம். வெட்டிய நொடியில் அன்யுலஸ் நீர் டியூபிங்குக்குள் பாயும். 2 அங்குல விட்டமுள்ள டூலின் பரப்பு 3.14 சதுர அங்குலம். மோசமான கணத்தில் 900 பவுண்ட் வரை கீழிருந்து மேலே உதைக்கும். டூல் மேலே பறக்கும், கேபிள் தொய்ந்து சிக்குப் பிடிக்கும். குருவிக்கூடு மாதிரி சுருண்ட கேபிளைப் பிரித்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை.

வழி சுலபம். பிளக் பிடித்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகு, டியூபிங்கில் மேலிருந்து 300 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி வைத்துக்கொண்டு பஞ்ச் செய்யுங்கள். ஓட்டம் வெளிப்பக்கமாகப் போகும், டூல் அசையாது. அப்புறம் மெதுவாகச் சுற்றவிட்டு இரண்டு பக்கமும் ஒரே எடை நீராக்குங்கள். டூல் உள்ளே இருக்கும்போது அன்யுலஸ் வழியாக பம்ப் செய்து டியூபிங் வழியாகத் திரும்ப எடுக்காதீர்கள். அதே உதை மறுபடி வரும்.

#12 மோட்டார்க்காரன்

எல்லாரும் ஜெட் கட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மோட்டாரில் சுழலும் மெக்கானிக்கல் கட்டர் என்று ஒன்று இருக்கிறது. கைகளை விரித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு, பிளேடால் உள்ளிருந்து வெட்டும். எதுவும் சிதறாது. விளிம்பு விரியாது. நடுவில் வைத்தால் கம்பி கீழே போகலாம். செட்டிங் டூலையும் எலக்ட்ரோ-மெக்கானிக்கல் ரகமாக எடுத்தால் வெடிமருந்தே பஞ்சுக்கு மட்டும்தான். கம்பிச்சுருளின் நாற்காலிச் சண்டை தீர்ந்தது.

#13 வெடிப்பெட்டி

தீரவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் டெட்டனேட்டருக்குப் போகும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகின்றன. மோட்டார் ஓடும்போது அந்த மின்சாரம் பஞ்ச் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டு வெடிகள் என்றால் டையோடு வைத்து நேர்மின்னுக்கு ஒன்று, எதிர்மின்னுக்கு ஒன்று என்று பிரித்துவிடலாம். மூன்று சாமான், அதில் ஒன்று மோட்டார் என்று வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உள்ள சுவிட்ச்தான் சரி. அதில் எது உயிரோடு இருக்கிறது, எது வெடித்துவிட்டது என்று மேலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெடிக்காத சாமானோடு மேலே வரும்போது அந்தத் தகவல்தான் உயிர்.

இன்னொன்று, பஞ்ச் அதிர்ச்சி. அதே சரத்தில் மோட்டாரும் கியரும் இருக்கின்றன. நடுவில் அதிர்வுதாங்கி வைத்தே ஆக வேண்டும். அது இன்னும் நீளம்.

புதுக்கம்பிக்கு, வெடிமருந்து செட்டிங் டூல் எடுப்பதானால்: உள்ளே மெதுவாக எரியும் பவர் சார்ஜ், அதன் வாயு எண்ணெயைத் தள்ளி பிஸ்டனை நகர்த்திப் பிளக்கைப் பிடிக்க வைக்கிறது. வேலை முடிந்தபின் அந்த வாயு உள்ளேயே அழுத்தத்தோடு இருக்கும். மேலே வந்ததும் முறைப்படி வாயுவை வெளியேற்றாமல் யாரும் மரையைக் கழற்றக் கூடாது. தனியாக ஒரு செட்டிங் டூல் வந்தால் எல்லாருக்கும் நினைவிருக்கும். நான்கு சாமானில் ஒன்றாகக் களைத்துப்போய் மேலே வரும்போதுதான் மறந்துபோகும்.

வெப்பமும் உண்டு. ஒரு மணி நேரக் கணக்கில் வெடிமருந்துகளில் ஆர்டிஎக்ஸ் சுமார் 340, எச்எம்எக்ஸ் 400, எச்என்எஸ் 500 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும். நேரம் கூடக்கூட இந்த எல்லை கீழே இறங்கும். தனி ரன்னில் கட்டர் போய் வெட்டிவிட்டு வந்துவிடும். கூட்டுச்சரத்தில் பிளக் டெஸ்ட், சர்க்குலேஷன் எல்லாம் முடியும்வரை கட்டர் அடுப்பிலேயே உட்கார்ந்திருக்கும். 6,000 அடிக் கிணற்றுக்கு இது கவலை இல்லை. ஆழமான சூட்டுக் கிணற்றில் இதே திட்டத்தைக் காப்பியடிப்பவர்கள் கவனிக்கவும்.

#14 மோட்டார்க்காரன்

முகவரி சுவிட்ச் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடலில், பெரிய ரிக் வாடகையில் நிற்கும்போது இரண்டு ரன் மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை.

#15 கம்பிச்சுருள்

மிச்சம் என்பதை யாரும் மறுக்கவில்லை. நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: கேபிள் ஹெட், எடைக்கம்பி, சிசிஎல் (கப்ளிங்குகளைக் காட்டி ஆழம் சொல்லும் கருவி), கட்டர், அதிர்வுதாங்கி, பஞ்ச், செட்டிங் டூல், பிளக். இது முழுவதும் வால்வுக்கு மேலே லூப்ரிகேட்டருக்குள் அடங்க வேண்டும். கிரேன் அந்த உயரத்துக்கு எட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் இந்த 2⅞ டியூபிங்கின் உள்விட்டம் 2.441 அங்குலம், டிரிஃப்ட் (தடையின்றிப் போகக்கூடிய விட்டம்) 2.347. பழைய கிணறு, உள்ளே ஸ்கேல் (சுவரில் படிந்த உப்பு) இருக்கும். ஒரு அடி நீளமுள்ள கேஜ் ரிங் (விட்டம் சோதிக்கும் வளையம்) போய் வந்துவிட்டது என்பதற்காக இருபத்தைந்து அடி விறைப்பான சரம் வளைவில் திரும்பும் என்று அர்த்தமில்லை. அதே நீளத்துக்கு ஒரு டம்மி இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக, "ஒரே ரன்" ஏற்கெனவே இரண்டாகிவிட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்று. கூட்டுச்சரத்தில் சிசிஎல்லிலிருந்து ஒவ்வொரு சாமானுக்கும் தூரம் வேறு வேறு. ஒரு வேலையில் கட்டருக்கு 4 அடி, பஞ்சுக்கு 11 அடி. பஞ்ச் முடித்து மேலே வந்து கட்டருக்கு நிறுத்தும்போது, இரவு மூன்று மணிக்கு, நான் பஞ்சின் 11 அடியையே கழித்துவிட்டேன். 7 அடி பிசகு. நடுக்குழாயில் விழ வேண்டிய வெட்டு கப்ளிங் மேல் விழுந்தது. குழாய்ச் சுவரை அறுத்த ஜெட் கப்ளிங் தடிமனை முழுசாக அறுக்கவில்லை. அன்றிலிருந்து தூரத்தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் வேறு நிற மை. பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் சுடுவேன்.

#16 தடுப்புச்சுவர்

எல்லாரும் வெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பிளக் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வழக்கமான பதில், மேலே அழுத்தத்தைத் திறந்துவிட்டு ஓட்டம் வருகிறதா என்று பார்ப்பது. இந்தக் கிணற்றில் அது பொய் சொல்லும். 9.0 பவுண்ட் நீர் 5,950 அடியில் கொடுக்கும் அழுத்தம் 2,785 பிஎஸ்ஐ. பாறை 2,600. நீர்த்தூணே பாறையை அமுக்கிக்கொண்டிருக்கிறது. பிளக் ஓட்டையாக இருந்தாலும் கிணறு சாதுவாகத்தான் இருக்கும். நீர்மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கலாம், அதைவிட மேலிருந்து அழுத்தம் ஏற்றி நிற்கிறதா என்று பார்ப்பது தெளிவு. இதற்கு சரத்தை வெளியே எடுக்க வேண்டியதில்லை. கிரீஸ் ஹெட் (கேபிளைச் சுற்றி அழுத்தத்தை அடைக்கும் பாகம்) பிடித்திருக்கும்போதே செய்யலாம். ஆனால் பஞ்சுக்கு முன்னால் செய்தாக வேண்டும். துளை விழுந்த பிறகு டியூபிங் வழியாகப் பிளக்கைத் தனியாகச் சோதிக்க வழியே இல்லை.

டெஸ்டில் எண் பிசகினால் நின்று யோசியுங்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றில் நெகட்டிவ் டெஸ்டின்போது (அழுத்தத்தைக் குறைத்துக் கசிவு பார்ப்பது) டிரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ நின்றது, கில் லைனில் (கிணற்றோடு இணைந்த பக்கக்குழாய்) ஓட்டமில்லை. இரண்டும் ஒரே கிணற்றைப் பார்க்கும்போது அப்படி இருக்க முடியாது. அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அன்று இரவே வெடித்து 11 பேர் இறந்தார்கள்.

நிரந்தர மூடலா என்ற கேள்வியும் வந்தது. அப்படியானால் பிரிட்ஜ் பிளக்கை மட்டும் நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். நார்வேயின் நார்சோக் டி-010 தரத்தில், கேசிங்குக்குள் சிமெண்ட் பிளக் இயந்திரப் பிளக் மேல் உட்கார்ந்தால் 50 மீட்டர், இல்லாவிட்டால் 100 மீட்டர். அங்கே பிரிட்ஜ் பிளக் சிமெண்டுக்கு அஸ்திவாரம், அவ்வளவுதான். உங்கள் ஊர் விதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கரையும் மறக்க வேண்டாம். டியூபிங் பக்கம் பிளக் பிடிக்கும். அன்யுலஸ் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பழைய பேக்கர்தான்.

#17 கண்டெய்னர்பையன்

நடுவே ஒரு சந்தேகம். கெமிக்கல் கட்டர் ஏன் யாரும் பேசவில்லை? வெட்டு சுத்தமாக இருக்கும் என்பார்களே.

#18 வெடிப்பெட்டி

இருக்கும். புரோமின் ட்ரைஃபுளோரைடு எண்ணெய் தடவிய எஃகு நாரில் பட்டுக் கொதித்துத் துளைகள் வழியாகப் பாய்ந்து குழாயைத் தின்னும். விரிசலும் பிசிறும் இல்லாத வெட்டு. ஆனால் தண்ணீரோடு வெறித்தனமாக வினைபுரியும் நச்சுத் திரவம் அது. ஏற்றிக்கொண்டு வருவதே பெரும்பாடு. கூட்டுச்சரத்தில் அதைக் கோப்பதை நான் செய்ய மாட்டேன்.

#19 பழைய ஃபிஷர்

இழுவையைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. ஜெட் கட்டரானால் குழாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுடு. பிரிந்தால் வெயிட் இண்டிகேட்டரில் உடனே தெரியும். பிளேடு கட்டரானால் குழாய் அமுங்கிய நிலையில் இருக்கவே கூடாது. வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிடும்.

#20 புதுக்கம்பி

முடித்துவிட்டோம். இங்கே பேசியதை அப்படியே கூட்டத்தில் வைத்தேன். மேலிடம் முதலில் முகம் சுளித்தது, 735,294 கதையைச் சொன்னதும் அடங்கியது.

நடந்தது இது. முதல் ரன் முழுநீள டம்மி. இரண்டாவது ஃப்ரீ பாயிண்ட்: 5,600-ல் முழு விடுதலை, 5,680-ல் அசைவே இல்லை. மூன்றாவது ரன்னில் பிளக்கும் பஞ்சும் மட்டும் ஒரே சரம். பிளக்கை 5,950-ல் பிடிக்கவைத்து, மேலே வந்து, 1,000 பிஎஸ்ஐ ஏற்றி அரை மணி நேரம் பார்த்தோம், அசையவில்லை. 350-க்கு இறக்கி, 5,630-ல் பஞ்ச். உடனே சர்க்குலேஷன் கிடைத்தது, திரும்பி வந்த நீரில் மெல்லிய மணல். சரம் முழுசாக மேலே வந்தது. செட்டிங் டூலின் வாயுவை வெளியேற்றும்வரை நானே பக்கத்தில் நின்று யாரையும் மரையைத் தொட விடவில்லை.

நான்காவது ரன் ஜெட் கட்டர் தனியாக, அடியில், அதன் சொந்த நாற்காலியில். 5,590, நடுக்குழாய். 10,000 பவுண்ட் கூடுதல் இழுவையில் வைத்துச் சுட்டோம், முள் விழுந்தது. குழாய் வந்துவிட்டது.

ஒரே ரன் என்று ஆரம்பித்து நான்கில் முடிந்தது. மோட்டார்க்காரன் அண்ணன் சிரிக்கட்டும்.

#21 மோட்டார்க்காரன்

சிரிக்கவில்லை. பிளக்கும் பஞ்சும் சேர்ந்தே போயின அல்லவா, ஒரு ரன் மிச்சம்தானே. அதை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

#22 பழைய ஃபிஷர்

நல்லது தம்பி. மேலே வந்த குழாயின் வெட்டுமுனையைத் தூக்கிப் போட்டுவிடாதே. காலிபரால் வெளிவிட்டத்தை அள. கிணற்றுக்குள் நிற்கும் அடிக்கட்டையும் ஏறக்குறைய அப்படித்தான் விரிந்திருக்கும். 2.875-க்கு ஓவர்ஷாட் கிராப்பிள் (குழாயை வெளியிலிருந்து கவ்வும் மீட்புக்கருவியின் பிடி) எடுத்துக்கொண்டு போனால் விரிந்த விளிம்பைத் தாண்டாது.

#23 புதுக்கம்பி

அளந்துவிட்டேன். ஒரு பக்கம் 3.05, மறுபக்கம் 3.12 அங்குலம். ஓவர்ஷாட்டின் வாயில் மில் வைத்த கைடு கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வருகிறது.